பசுவுக்கு ஊட்டிய சோறு

நான் என்ன வேலை பார்க்கிறேன் என்று சொந்தக்காரர்களுக்கு விளக்குவதை எப்போதோ விட்டுவிட்டேன். "மாட்டு வயித்துல கீற பூச்சிய எண்ணிக்கினு கீறா" என்று அம்மா ஊர் முழுக்கச் சொல்லிவைத்திருந்தாள். அதுவே நிலைத்துவிட்டது. ஜமுனாமரத்தூர் சந்தையில் தெரிந்தவர்கள் யாராவது என்னைப் பார்த்தால், சாணி டாக்டர் எப்போது வந்தாய் என்றுதான் கேட்பார்கள். ஆரம்பத்தில் எரிச்சலாக இருந்தது. எனக்கு எதற்கெடுத்தாலும் மூக்குக்கு மேல் கோபம் வரும், அதையும் அம்மா ஊர் முழுக்கச் சொல்லிவைத்திருந்தாள். பிறகு பழகிவிட்டது. அவர்கள் சொன்னது ஒன்றும் பொய் இல்லையே.

புல்லை மாடு செரிப்பதில்லை. இதை யாரையும் நம்பவைக்க முடிந்ததில்லை. புல்லோ வைக்கோலோ சாமைத்தாளோ, அதன் ஒவ்வொரு செல்லையும் சுற்றி ஒரு சுவர் இருக்கிறது. அந்தச் சுவர் பெரும்பாலும் சர்க்கரைதான், ஆனால் நாக்குக்கு இனிக்காத சர்க்கரை. ஒன்றோடொன்று கோத்து நீண்ட சங்கிலியாகி, பக்கவாட்டில் வேறு சர்க்கரைகள் கிளைவிட்டு, இறுகிப்போனது. அதை அறுக்கிற நொதி மாட்டின் உடம்பில் எந்த இடத்திலும் சுரப்பதில்லை. அதன் பெருவயிற்றில் குடியிருக்கிற பாக்டீரியாக்களிடம் இருக்கிறது. ஒரு நொதி கிளையைக் கழிக்கும், இன்னொன்று நடுத்தண்டைத் துண்டு போடும், மற்றொன்று துண்டைத் தனித்தனிச் சர்க்கரையாக்கும். புளியமரத்தை இறக்குகிறவர்களும் அப்படித்தான் செய்கிறார்கள், எடுத்த எடுப்பில் நடுமரத்தில் கோடாலி வைப்பதில்லை. அந்தச் சர்க்கரையைத் தின்று பாக்டீரியாக்கள் வெளியே விடுவதை உறிஞ்சித்தான் மாடு உயிர் வாழ்கிறது. கிளையைக் கழிக்கிற அந்த நொதியைப் பற்றியது என் ஆராய்ச்சி. அதைச் சுரக்கிற பாக்டீரியாவை நான் பிரித்தெடுத்தது எங்கள் வீட்டுச் செவலைப் பசுவின் சாணியிலிருந்து.

எனக்கு முனைவர் பட்டம் வந்தபோது அம்மா, சாணி போட்டது அது, பட்டம் மட்டும் உனக்கா என்று கேட்டாள். கேட்டதோடு நிற்காமல் எனக்கென்று வாங்கிவந்த சாமந்தி மாலையைக் கழற்றிச் செவலையின் கழுத்தில் போட்டாள். நாங்கள் சிரித்து முடிப்பதற்குள் செவலை அதைத் தின்றுவிட்டது. அந்தப் பசு அம்மாவின் பசு. கன்றாக இருந்தபோதே தாயை இழந்தது, அம்மாதான் கஞ்சித்தண்ணீரும் பாலும் புகட்டி வளர்த்தாள்.

அம்மாவுக்கு உணவுக்குழாயில் கட்டி வந்தது போன வருஷம். முதலில் சோறு இறங்கவில்லை, அப்புறம் களி, அப்புறம் கஞ்சி. வேலூரில் வயிற்றில் துளை போட்டு ஒரு குழாய் வைத்து அனுப்பினார்கள். அதன் வழியாகப் பாலும் சத்துமாவுக் கஞ்சியும் ஊற்ற வேண்டும். நான் சென்னையில் சோதனைக்கூடத்தில் இருந்தேன், லீவு கிடைத்தபோது வந்துபோனேன். கூடவே இருந்து பார்த்தது அக்கா. அவள் கல்யாணம் ஒத்துவராமல் அம்மா வீட்டுக்கே திரும்பிவிட்டவள். அவளுக்கு அம்மாவையும் செவலையையும் விட்டால் இந்த மலையில் யாருமில்லை, என்னை அவள் கணக்கில் சேர்ப்பதில்லை.

குழாயில் கஞ்சி ஊற்றும்போதெல்லாம் அம்மா முகத்தைத் திருப்பிக்கொள்வாள். "வயித்துக்குப் போவுது, எனக்குப் போவலியே" என்று ஒருநாள் சொன்னாள். அதற்குப் பிறகு வெயில் ஏறியதும் தன்னை மாட்டுக் கொட்டாயில் கொண்டுபோய் உட்காரவைக்கச் சொல்ல ஆரம்பித்தாள். செவலை அசைபோடுவதைப் பார்த்துக்கொண்டே இருப்பாள். தொண்டையில் ஒரு கவளம் மேலேறி வருவது வெளியிலேயே தெரியும், வாய்க்கு வந்ததும் தாடை ஆட ஆரம்பிக்கும், மென்று முடித்ததும் கவளம் கீழே இறங்கும். அது இறங்கும்போது அம்மாவின் தொண்டையும் கூடவே அசையும். அதைப் பார்க்க முடியாமல் நான் எழுந்து போய்விடுவேன். அக்கா உட்கார்ந்தே இருப்பாள்.

கடைசி வாரம் அம்மா சோறு சோறு என்றே கேட்டுக்கொண்டிருந்தாள். புளிக்குழம்பு ஊற்றிப் பிசைந்து ஒரே ஒரு வாய், அது போதும் என்றாள். புரையேறிவிடும், வாய் வழியாக எதுவும் கூடாது என்று ஆஸ்பத்திரியில் கண்டித்துச் சொல்லியிருந்தார்கள். அக்கா தாங்கமாட்டாமல் ஒரு பருக்கையில் குழம்பைத் தொட்டு நாக்கில் வைத்தாள். அம்மா அதைச் சப்பிக்கொண்டே இருந்தாள், விழுங்க முடியவில்லை, கடைசியில் அக்காவே விரலை விட்டு எடுக்க வேண்டியதாயிற்று. அப்படியே போய்ச் சேர்ந்தாள். வயிறு காய்ந்து செத்தாள் என்று நான் சொன்னால், குழாயில்தான் எல்லாம் போனதே என்று படித்தவர்கள் சொல்வார்கள். நானும் படித்தவள்தான். ஆனாலும் சொல்கிறேன், அவள் பசியோடு செத்தாள்.

எங்கள் பங்காளி வகையறாவில் கருமாதி அன்று ஒரு வழக்கம் உண்டு. செத்தவர் வளர்த்த மாடு எதுவோ, அதற்கு ரத்த சொந்தம் ஒவ்வொருவரும் ஆளுக்கு ஒரு உருண்டை சோறு ஊட்ட வேண்டும். அந்த மாட்டின் வாயில் போட்டது செத்தவர் வாயில் போட்டதற்குச் சமம். மற்ற ஊர்களில் காக்காய்க்கு வைத்துவிட்டுக் கா கா என்று கூப்பிட்டுக்கொண்டிருப்பார்கள், எங்களுக்குக் காக்காய் போதாது. இன்னொன்று, கருமாதிச் சோற்றில் மிச்சம் விழுந்தால் அதை வீட்டுக்குள் கொண்டுபோகவும் கூடாது, மண்ணில் கொட்டவும் கூடாது. அதுவும் மாட்டுக்குத்தான். சாமை மட்டுமே விளைந்து அதுவும் அரை வயிற்றுக்கே காணாத காலத்தில் ஏற்பட்ட வழக்கம் அது. உருண்டை என்பது எலுமிச்சங்காய் அளவு, மிச்சம் என்று ஒன்று விழுந்ததே இல்லை. இப்போது மூட்டை மூட்டையாக வெள்ளை அரிசி. பந்தி முடிந்தபோது அண்டாவில் பாதிக்கு மேல் சோறு கிடந்தது.

சடங்கு உருண்டையை நானும்தான் ஊட்டினேன். அந்த அளவால் மாட்டுக்கு ஒன்றும் ஆகாது. பிறகு நான் பந்தி பார்க்கவும் வந்தவர்களைப் பஸ் ஏற்றவும் அலைந்துகொண்டிருந்தேன். போளூர் பஸ்ஸில் கடைசிச் சொந்தத்தையும் ஏற்றிவிட்டு வீட்டுக்கு வந்தபோது அக்கா கொட்டாயில் இருந்தாள். அழுதுகொண்டிருப்பாள், தனியாக இருக்கட்டும் என்று நான் போய்ப் படுத்துவிட்டேன்.

அக்கா அழவில்லை. அடுத்த நாள் காலையில் அவளே சொன்னாள். அண்டாச் சோற்றைக் கொஞ்சம் கொஞ்சமாகத் தவலையில் அள்ளி, புளிக்குழம்பு ஊற்றிப் பிசைந்து, செவலைக்குக் கையால் ஊட்டியிருக்கிறாள். அது ஆசை ஆசையாகத் தின்றிருக்கிறது. மாட்டுக்குச் சோறு என்றால் உயிர், போதும் என்று சொல்லத் தெரியாது. அது வாய் திறக்கத் திறக்க அம்மாவே வாய் திறக்கிற மாதிரி இருந்ததாம். அண்டா காலியாகிறவரைக்கும் ஊட்டியிருக்கிறாள்.

இதை அவள் சொன்னபோது செவலை படுத்துக் கிடந்தது. தலையைப் பின்னால் திருப்பி விலாவில் வைத்திருந்தது, பல்லை நறநறவென்று கடித்துக்கொண்டிருந்தது. இடப்பக்க வயிறு உப்பியிருந்தது. புல்லை முகர்ந்துகூடப் பார்க்கவில்லை. பின்னால் சாம்பல் நிறத்தில் தண்ணீராகக் கழிந்து புளித்த வாடை அடித்தது. நான் அதன் விலாவில் காது வைத்தேன். நல்ல மாட்டின் பெருவயிறு சும்மா இருக்காது. தூரத்தில் லாரி போகிற மாதிரி ஒரு உருளல் வரும், அடங்கும், கொஞ்சத்தில் மறுபடி வரும். அன்றைக்கு ஒன்றுமே கேட்கவில்லை. கையால் தட்டினால் உள்ளே தண்ணீர் தளும்பியது.

அந்த வயிற்றுக்குள் என்ன நடந்துகொண்டிருக்கிறது என்று இந்த மலையில் எனக்கு மட்டும் தெரியும். அரிசிச் சோறு மாவுச்சத்து, அதைப் பிரிக்க எந்தச் சுவரையும் இடிக்க வேண்டாம். பெருவயிற்றில் ஒரு மூலையில் ஒதுங்கிக் கிடக்கிற வேறு வகைப் பாக்டீரியாக்கள் அதைக் கண்டதும் பெருகிவிடும், பெருகிப் பெருகி அமிலத்தைக் கக்கும். புல்லின் சுவரை அறுக்கிற பாக்டீரியாக்களால் அந்த அமிலத்தைத் தாங்க முடியாது. அவை மெதுவாக வளர்கிறவை, நாரைக் கட்டிக்கொண்டு பொறுமையாக வேலை செய்கிறவை. ஒரே இரவில் கூட்டம் கூட்டமாகச் செத்துப்போகும். அவை செத்த பிறகு மாட்டின் முன்னால் மலை முழுவதும் உள்ள புல்லைக் கொண்டுவந்து போட்டாலும் புண்ணியமில்லை.

"அண்டாச் சோத்தையுமா போட்டே? அறிவு இருக்குதாக்கா உனக்கு?" என்று கத்திவிட்டேன்.

அக்கா செவலையின் காதைத் தடவிக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். காது சில்லிட்டிருந்தது.

கால்நடை ஆஸ்பத்திரிக்குப் போன் செய்தேன். டாக்டரம்மா காவலூர் பக்கம் ஒரு கன்று ஈற்றுக்குப் போயிருப்பதாகவும் முடிந்ததும் வருவார் என்றும் சொன்னார்கள். யாரையும் குறை சொல்ல முடியாது, மலை பெரியது. அதுவரை நான் கடையில் இருந்த சமையல் சோடா பாக்கெட் அத்தனையும் வாங்கிவந்து தண்ணீரில் கரைத்து மூங்கில் குழாயில் புகட்டினேன். அக்கா தலையைத் தூக்கிப் பிடித்தாள். பாதி உள்ளே போயிற்று, பாதி என் மேல் வழிந்தது.

அதற்குள் ஊர் கூடிவிட்டது. ஊர் வாயை மூட உலைமூடி ஏது? அம்மாதான் வந்து கூப்பிடுகிறாள், வளர்த்தவள் கூப்பிட்டால் போகாமல் இருக்குமா என்று ஒரே பேச்சு. வெற்றிலையில் மிளகும் பெருங்காயமும் வைத்துக் கொடு என்றார்கள் சிலர். அளவுக்கு மிஞ்சினால் அமுதமும் நஞ்சு என்று ஒருவர் அக்காவின் காதுபடவே சொன்னார். அவரை அங்கேயே நாலு கேள்வி கேட்டிருப்பேன், கையில் குழாய் இருந்தது. எங்கள் சித்தப்பா மட்டும் என்னைப் பார்த்து, இதற்குத்தானே அத்தனை வருஷம் படித்தாய், ஏட்டுச் சுரைக்காய் கறிக்கு உதவாது என்று சும்மாவா சொன்னான் என்றார். அவர் அம்மாவின் கொழுந்தனார். எல்லைப் புளியமரம் ஒன்றின் காரணமாக அக்காவுக்கும் அவருக்கும் பல வருஷமாகப் பேச்சுவார்த்தை இல்லை. பங்காளி என்பதால் சடங்குக்கு வந்திருந்தார்.

டாக்டரம்மா வந்து சேர மத்தியானம் தாண்டிவிட்டது. சமவெளியிலிருந்து வேலைக்கு வந்த சின்னப் பெண். விலாவைத் தட்டிப் பார்த்த உடனேயே, சோறா என்று கேட்டார். கருமாதி, கல்யாணம், பொங்கல் என்று எது வந்தாலும் மறுநாள் தனக்கு இப்படி ஒரு மாடு காத்திருக்கும் என்றார். நரம்பில் மருந்து ஏற்றினார். பிறகு ஒரு நீளக் குழாயை வாய் வழியாக வயிற்றுக்குள் விட்டு, தண்ணீர் ஊற்றி, மறுமுனையைத் தாழப் பிடித்தார். உள்ளே இருந்தது வாளியில் வந்து விழுந்தது.

சோறு வந்தது. சாம்பல் நிறக் கஞ்சியில் பருக்கை பருக்கையாக மிதந்தது, மூக்கைத் துளைக்கும் புளிப்பு. நீல நிறச் சோதனைக் காகிதத்தை டாக்டரம்மா அதில் நனைத்தார், தொட்ட மாத்திரத்தில் அது சிவந்துபோயிற்று. நான் காகிதத்தைப் பார்த்தேன். அக்கா வாளியைப் பார்த்துக்கொண்டிருந்தாள். குனிந்து ஒரு பருக்கையை விரலால் எடுத்து நசுக்கிப் பார்த்தாள்.

டாக்டரம்மா என்னைத் தனியே கூப்பிட்டார். வயிற்றை அறுத்துச் சோற்றை எடுக்கிற கட்டம் தாண்டிவிட்டது, இதன் உடம்பு தாங்காது என்றார். அமிலத்தை மருந்தால் கொஞ்சம் தணிக்கலாம், ஆனால் உள்ளே இருந்த நல்ல கிருமிகள் எல்லாம் போய்விட்டன. நல்ல மாட்டின் வயிற்றுச் சாறு புதிதாகக் கிடைத்தால் ஊற்றிப் பார்க்கலாம், ஆட்டுடையதானாலும் பரவாயில்லை, அறுத்ததும் எடுத்ததாக இருக்க வேண்டும் என்றார்.

கருமாதிக்கு மறுநாள் எங்கள் பங்காளிகளுக்குள் கறிச்சோறு. அன்று காலையில்தான் சித்தப்பா வீட்டுக் களத்தில் கிடா வெட்டியிருந்தார்கள். நான் சோடா வாங்க ஓடிய வழி அந்தக் களத்தின் ஓரமாகத்தான் போனது. குடலைக் கழுவ எடுத்துக்கொண்டு, வயிற்றில் இருந்த பச்சைத் தழையை வழித்துக் குழியில் கொட்டிக்கொண்டிருந்ததைப் பார்த்துக்கொண்டேதான் போனேன். என் வாழ்க்கையில் பாதியை எதற்காகச் செலவழித்தேனோ அது ஆவி பறக்கக் குழிக்குள் விழுந்துகொண்டிருந்திருக்கிறது. அப்போது என் புத்தியில் சோடா மட்டும்தான் இருந்தது.

குழிக்குப் போனேன். கோழிகள் கிளறிக்கொண்டிருந்தன. கையை விட்டு அடியிலிருந்து ஒரு பிடி அள்ளினேன், ஜில்லென்று இருந்தது. காற்று பட்டால் சாகிற உயிர்கள் அவை, வெட்டவெளியில் இத்தனை நேரம் கிடந்த பிறகு அது வெறும் குப்பை. நடுக்குழியில் குந்திக்கொண்டிருந்த என்னை ஊரே பார்த்தது. சாணி டாக்டர் என்று கேலி பேசுகிற வாய் ஒன்றும் திறக்கவில்லை, அதுதான் இன்னும் கொடுமையாக இருந்தது.

இன்னொரு வழி இருந்தது. அசைபோட்டுக்கொண்டிருக்கிற மாட்டின் வாயிலிருந்து கவளத்தை எடுத்துக் கரைத்துப் புகட்டலாம். டாக்டரம்மாவும் சரி என்றார். ஆனால் எங்கள் ஊரில் அசையை எடுக்க யாரும் விடமாட்டார்கள். எடுத்தால் அந்த மாட்டுப் பால் அடுத்த மாட்டுக்குப் போய்விடும் என்பார்கள். பக்கத்தில் அன்று மேய்ச்சலுக்குப் போகாமல் இருந்தது சித்தப்பா வீட்டுக் கறவை மாடு ஒன்றுதான். நான் கேட்டால் சண்டையாகத்தான் முடியும் என்று எனக்கே தெரியும். நான் வாயைத் திறப்பதற்குள் அக்கா எழுந்து போய் அவர் முன்னால் நின்றாள்.

"சித்தப்பா, அம்மா வூட்டு மாடு. உம் மாட்டு வாயில கீறத ஒரு கை குடு. புளியமரத்த நீயே வெச்சிக்க" என்றாள்.

அவர் தோளில் இருந்த துண்டால் முகத்தைத் துடைத்துக்கொண்டு, மரம் கிடக்கட்டும் என்று சொல்லிவிட்டுப் போய் மாட்டை ஓட்டிவந்தார். அவரே தாடையைப் பிடித்துக்கொண்டார். கவளம் கழுத்தில் ஏறிவருகிறதைப் பார்த்து அவர் தலையசைத்த நேரத்தில் நான் கன்னத்துக்குள் கைவிட்டு எடுத்தேன். வெதுவெதுவென்று, பச்சையாக, புதிதாக அரிந்த புல்லின் வாசத்தோடு என் உள்ளங்கையில் இருந்தது. அந்த ஒரு பிடிக்குள் இந்த உலகத்து மனிதர்களைவிட அதிகமான உயிர்கள் இருந்தன. கிளையைக் கழிக்கிறவை, தண்டை வெட்டுகிறவை எல்லாமே இருந்தன. மறுபடி மறுபடி எடுத்தோம். சித்தப்பாவின் மாடு எரிச்சலோடு தலையை உதறியது, அவர் அதனிடம் மன்னிப்புக் கேட்கிற குரலில் ஏதோ பேசிக்கொண்டே இருந்தார்.

வெந்நீரை ஆறவைத்து அதில் கரைத்து, துணியில் வடிகட்டி, செவலைக்குப் புகட்டினோம். டாக்டரம்மா இன்னொரு பாட்டில் ஏற்றிவிட்டு, காலையில் வருகிறேன் என்று கிளம்பினார். பொழுது சாயும் நேரத்தில் செவலை தலையைத் தூக்கியது. நாக்கை நீட்டி அக்காவின் முழங்கையை நக்கியது. நான் ஓடிப்போய் விலாவில் காது வைத்தேன். உள்ளே எங்கோ ஒரு உருளல், மிகவும் மெலிதாக. அக்காவின் தலையைப் பிடித்து இழுத்து அவள் காதையும் அங்கே வைத்தேன்.

"ஓடுதாடி?" என்றாள்.

"ஓடுதுக்கா" என்றேன்.

அம்மா போன பிறகு அன்றைக்குத்தான் அவள் சிரித்துப் பார்த்தேன். இப்போது நினைத்தால் அந்தச் சிரிப்புக்காக என் மேலேயே ஆத்திரம் வருகிறது. எனக்குத் தெரியாதா? புளித்துக் கிடக்கிற ஒரு குளத்தில் நாலு பிடி உயிரைக் கொட்டினால் அவை என்ன செய்யும்? வந்த வேகத்திலேயே சாகும்தானே? தெரிந்திருந்தும் நானும் அவளோடு சேர்ந்து சிரித்தேன்.

அதற்குப் பிறகு ஒரு சத்தமும் வரவில்லை. நான் காதை எடுக்காமல் அந்த விலாவிலேயே சாய்ந்து கிடந்தேன். சென்னையில் சோதனைக்கூடத்துப் பெரிய உறைபெட்டியில், இதே செவலையின் வயிற்றிலிருந்து வந்த பாக்டீரியா சின்னச் சின்னக் குப்பிகளில் உறைந்து கிடக்கிறது. குப்பியின் மேல் என் கையெழுத்து. வெளியே எடுத்துச் சூடுகாட்டினால் உயிர் பெற்று, புல்லின் சுவரை அறுக்க ஆரம்பித்துவிடும். அது எந்த இடத்தில் அறுக்கும், எத்தனை சூட்டில் அறுக்கும், எவ்வளவு புளிப்பில் நின்றுபோகும் என்று கட்டுரை எழுதிப் பெயர் வாங்கியவள் நான். எவ்வளவு புளிப்பில் நின்றுபோகும் என்பதைக் கண்டுபிடித்ததற்குக் கைதட்டினார்கள். அது கையில் இருந்திருந்தாலும் பிரயோஜனமில்லை. ஒன்றை வைத்துக்கொண்டு ஒரு வயிற்றைக் கட்ட முடியாது, ஆயிரம் வகை வேண்டும், அவை ஒன்றுக்கொன்று பழகியிருக்க வேண்டும். நான் அவற்றில் ஒன்றைத் தனியே பிடித்து, உப்பும் சர்க்கரையும் கொடுத்து, அதைப் பற்றி எல்லாம் தெரிந்துவிட்டதாக நினைத்துக்கொண்டிருந்தேன். அந்த வேலையை இனிமேல் எந்த மூஞ்சியோடு செய்வேன் என்று தெரியவில்லை. இன்றைக்கும் தெரியவில்லை, செய்துகொண்டுதான் இருக்கிறேன்.

விடிகிற நேரத்தில் செவலை கால்களை ஒருமுறை நீட்டி உதறியது. கண் உள்ளே போயிருந்தது. ஒரு பெருமூச்சு, புளிப்பு வாடையோடு. அக்கா அதன் தலையை மடியில் வைத்திருந்தாள். செத்துவிட்டது என்று நான் சொல்ல வேண்டியிருக்கவில்லை, கனம் மாறியது அவளுக்கே தெரிந்திருக்கும்.

சித்தப்பாவும் பங்காளிகளும் வந்து கொல்லை மேட்டில் குழி வெட்டினார்கள். டாக்டரம்மா சொன்ன சொல் தவறாமல் காலையிலேயே வந்தார், வாசலில் நின்று பார்த்துவிட்டு அக்காவின் கையைப் பிடித்துவிட்டுப் போனார். மஞ்சள் பூசி, குங்குமம் வைத்து, அம்மாவின் பழைய புடவை ஒன்றைப் போர்த்தி இறக்கினார்கள். எல்லோரும் ஒரே பேச்சாக, வளர்த்தவள் கூட்டிக்கொண்டு போய்விட்டாள் என்றார்கள். நான் மறுக்கவில்லை. எதற்கும் ஏட்டிக்குப் போட்டி பேசுகிறவள் வாயை மூடிக்கொண்டிருப்பதைச் சித்தப்பாகூட ஆச்சரியமாகப் பார்த்தார். அக்காவின் கைதான் கொன்றது என்று யாரும் நினைக்காமல் இருக்கட்டும், அக்காவும் நினைக்காமல் இருக்கட்டும், எனக்கு வேண்டியது அவ்வளவுதான். நான் கத்தினதை வாபஸ் வாங்க வழி தேடிக்கொண்டிருந்தேன்.

எல்லோரும் போன பிறகு அவள் பக்கத்தில் போய் உட்கார்ந்தேன். இது உன்னால் இல்லை, அதற்கு ஏற்கெனவே உடம்பு சரியில்லாமல் இருந்திருக்கும், சோறு ஒரு சாக்கு என்று என்னென்னவோ உளறினேன். அவள் காதில் வாங்கவே இல்லை. அவள் கவலைப்பட்டுக்கொண்டிருந்தது வேறொன்றுக்காக என்று எனக்கு அப்போது தெரியாது.

"வாளியில வந்துச்சே, பார்த்தே இல்ல?" என்றாள்.

பார்த்தேன் என்றேன்.

"நான் கையில எடுத்துப் பார்த்தேன்டி. பருக்கை பருக்கையா கீது. போட்டது போட்ட மாதிரியே கீது." உள்ளங்கையைப் பார்த்துக்கொண்டே கேட்டாள். "நீ இதத்தான படிச்சே. மாட்டு வயித்துக்குள்ள போனது இன்னா ஆவுதுன்னு. அது செரிக்கவே இல்லியே. அப்போ அம்மாவுக்கு எதுவுமே போய்ச் சேரலியா?"

நான் படித்த அத்தனை படிப்பும் அந்த ஒரு கேள்விக்கு முன்னால் போய் நின்றது. மாவுச்சத்தில் ஒரு பங்கு அமிலமாக மாறியிருக்கும், அது ரத்தத்தில் கலந்திருக்கும், மாட்டைக் கொன்றதே அந்தப் பங்குதான். இதையா அவளிடம் சொல்ல முடியும்?

"கொஞ்சம் போயிருக்கும்க்கா" என்றேன்.

"எவ்ளோ?"

நான் விரலிடுக்கில் ஒட்டியிருந்த மஞ்சளைத் தேய்த்துக்கொண்டிருந்தேன்.

"ஒரு வாய்னா போயிருக்குமா?"

"போயிருக்கும்" என்றேன்.

அக்கா என் முகத்தைப் பார்த்தாள். சின்ன வயதிலிருந்து நான் பொய் சொன்னால் கண்டுபிடிக்கிறவள் அவள்தான். முந்தானையை உதறிக்கொண்டு எழுந்தாள், காலித் தவலையைக் கையில் எடுத்துக்கொண்டாள்.

"இல்லடி" என்றாள். "அவ பசியோடவேதான் கீறா."